எடை குறைந்த காற்றுப் பாய்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: முதுகுப்பையைச் சுமந்துகொண்டு ஐந்தாறு நாட்கள் மலைப்பாதையில் நடப்பது என் வழக்கம். இதுவரை மடித்து எடுத்துச் செல்லும் ஃபோம் பாயில்தான் படுத்து வந்தேன். ஒருக்களித்துத் தூங்குகிறவன் என்பதால் விடியும்போது இடுப்பெலும்பு வலிக்கிறது. காற்றடைக்கும் ஸ்லீப்பிங் பேட் வாங்க நினைக்கிறேன். பார்த்துவைத்த இரண்டில் ஒன்று 350 கிராம், மற்றது 500 கிராம். எடை குறைந்ததையே வாங்கிவிடலாமா?

பதில்: எடையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 150 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. அந்த 150 கிராம் எதற்காகச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. கூடுதல் அகலத்துக்காகவா, தடித்த துணிக்காகவா, குளிரைத் தடுக்கும் உள்ளடுக்குக்காகவா?

பாய் என்றதும் மென்மையைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் குளிர் காலத்தில் அதன் முதல் வேலை உடலின் சூட்டைத் தரைக்குப் போகவிடாமல் காப்பது. ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து தூங்கும் பை) எவ்வளவு தடிமனாக இருந்தாலும், நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் உள்ள அதன் இறகோ பஞ்சோ நசுங்கிப்போகிறது. குளிரைத் தடுப்பது அதற்குள் தங்கியிருக்கும் காற்றுதான் என்பதால், நசுங்கிய பக்கம் ஏறத்தாழ வெறும் துணியாகிவிடுகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் மேல் குறிப்பிடப்படும் வெப்பநிலை அளவுகூட, அடியில் ஒரு பாய் விரித்துச் சோதித்துப் பெறப்பட்டதே. விலை கூடிய ஸ்லீப்பிங் பேக் வாங்கியும் குளிரில் நடுங்கியதாகச் சொல்கிறவர்களிடம், பாய் என்ன பாய் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இந்தத் தடுக்கும் திறனைத்தான் 'ஆர் மதிப்பு' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் முறையில் இதை அளந்து வந்ததால், ஒருவருடைய 4-ஐ இன்னொருவருடைய 4-உடன் ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான சோதனை முறை வகுக்கப்பட்டது. காற்றடைத்த பாயைச் சூடான தட்டு ஒன்றுக்கும் குளிர்ந்த தட்டு ஒன்றுக்கும் நடுவில் வைத்து, மேல்தட்டின் சூடு குறையாமல் இருக்க எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்று அளப்பதே அந்த முறை. எனவே நீங்கள் வாங்கும் பாயின் ஆர் மதிப்பு இந்த முறைப்படி அளக்கப்பட்டதா என்று பாருங்கள். வெப்பமான இரவுகளுக்கு 1 முதல் 2 வரை போதும். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் மலையில் தங்குகிறவருக்கு 3 அல்லது 4 வேண்டும். உறைந்த தரையிலோ பனியிலோ படுப்பவர் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது. இது பொதுவான கணக்குதான். எளிதில் குளிர் பிடிக்கிற உடம்பு என்றால் ஒரு படி கூட்டி வாங்குங்கள்.

தடிமனாக இருக்கும் பாய் எல்லாமே கதகதப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால், அந்தக் காற்று மேலும் கீழும் சுழன்று உங்கள் சூட்டைத் தரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பத்து சென்டிமீட்டர் உயரப் பாயும் உள்ளே தடுப்பு இல்லையென்றால் குளிரும். இதைத் தவிர்க்கவே சிலவற்றில் செயற்கைப் பஞ்சை ஒட்டுகிறார்கள். வேறு சிலவற்றில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பளபளப்பான படலங்களை அடுக்குகிறார்கள். படலம் வைத்தது எடைக்கு நல்ல பலன் தரும். ஆனால் புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கேட்கும். பக்கத்தில் படுப்பவரின் தூக்கத்தையும் மனதில் வைத்து, கடையிலேயே ஒருமுறை புரண்டு பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் இடுப்பு வலிக்கு வருகிறேன். ஒருக்களித்துப் படுக்கும்போது உடலின் பாரம் இடுப்பிலும் தோளிலும் குவிகிறது. அதற்கு 7.5 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். காற்றை அடைக்கும் அளவிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பாயை இறுக அடைத்துவிட்டு அதன்மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றை விடுங்கள். இடுப்பு மெல்ல அமிழும். பாய்க்கு அடியில் கையை நுழைத்து, இடுப்பெலும்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். பாய் கல் போல இருக்கிறது என்று குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் காற்றை அளவுக்கு மீறி அடைத்தவர்களே.

அகலம் இரண்டு அளவில் கிடைக்கும்: ஏறத்தாழ 51 சென்டிமீட்டர், 64 சென்டிமீட்டர். எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் 51-ஐ எடுக்கிறார்கள். தலைப்பக்கமும் கால்பக்கமும் குறுகிய வடிவம் என்றால் எடை இன்னும் குறையும். மல்லாந்து அசையாமல் தூங்குகிறவருக்கு அது போதும். உங்களைப் போல் முழங்காலை மடக்கித் தூங்குகிறவருக்கு முழங்காலும் முழங்கையும் இரவு முழுவதும் தரையில் விழுந்துகொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன 500 கிராம் பாயின் கூடுதல் எடை அகலத்துக்காகவோ ஆர் மதிப்புக்காகவோ வந்தது என்றால், தயங்காமல் அதையே வாங்குங்கள். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் பையில் உள்ள மாற்றுத் துணியிலிருந்து தொடங்குங்கள், தூக்கத்தில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய காற்றுப் பாய் மாலையில் விறைப்பாக இருக்கிறது, நள்ளிரவில் தளர்ந்துவிடுகிறது. ஓட்டை விழுந்துவிட்டதா?

பதில்: இருக்க வேண்டும் என்பதில்லை. காற்று குளிர்ந்தால் சுருங்கும். 25 டிகிரியில் அடைத்த காற்று 5 டிகிரிக்குக் குளிரும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்துவிடும். வாயால் ஊதிய காற்று இன்னும் சூடாக இருப்பதால் இன்னும் அதிகமாகச் சுருங்கும். கூடாரம் அடித்தவுடன் பாயை நிரப்பி வையுங்கள். படுக்கப் போகும்போது நான்கு மூச்சு கூட்டி ஊதுங்கள். சந்தேகம் தீர வேண்டுமானால், வெப்பநிலை மாறாத அறையில் நிரப்பி, மேலே சில புத்தகங்களை அடுக்கி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையிலும் தளர்ந்திருந்தால் ஓட்டைதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி எங்கே எழுகிறது என்று பார்ப்பது எளிய வழி. வால்வைச் சுற்றியும் தடவிப் பாருங்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். மலையில் நள்ளிரவில் சோப்புக்கு எங்கே போவது? ஒருமுறை முள் குத்தி என் பாய் இறங்கியபோது, அதை இறுக ஊதி மடக்கி அழுத்திக்கொண்டு, கன்னத்தை நனைத்துத் துணியின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அந்தக் காற்று, ஈரக் கன்னத்தில் ஊசி முனை போலச் சில்லென்று பட்டது. உடனே பேனாவால் வட்டமிட்டுக்கொண்டேன். இடம் தெரிந்தபின் அதைத் துடைத்து, உலர்த்தி, முதலுதவிப் பெட்டியில் இருக்கும் ஆல்கஹால் துடைப்பானால் எண்ணெய்ப் பசை போகத் தேய்த்துவிட்டு ஒட்டுத்துண்டை ஒட்டுங்கள். ஈரத்தின் மேலோ அழுக்கின் மேலோ ஒட்டினால் நிற்காது.

கேள்வி: ஓட்டை விழும் என்ற பயமே வேண்டாம் என்று, தானே காற்றை இழுத்துக்கொள்ளும் பாய் வாங்கலாமா?

பதில்: 1970-களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரில், முன்பு போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்கள் உருவாக்கிய தெர்ம்-அ-ரெஸ்ட் பாய் இந்த வகையில் புகழ்பெற்றது. உள்ளே இருக்கும் ஃபோம், வால்வைத் திறந்ததும் விரிந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இதிலும் ஓட்டை விழும்; ஆனால் விழுந்தாலும் மெல்லிய ஃபோமாவது அடியில் மிஞ்சும். எடையும் பருமனும் கூடுதல் என்பதால் நீண்ட நடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, காற்றுப் பாய்க்கு அடியில் மெல்லிய ஃபோம் பாய் ஒன்றை விரியுங்கள். முள்ளையும் கல்லையும் அது தாங்கிக்கொள்ளும். ஆர் மதிப்புகள் ஒன்றோடொன்று கூடும் என்பதால், 3 உள்ள பாயும் 2 உள்ள பாயும் சேர்ந்து 5 ஆகிவிடும். காற்றுப் பாய் கைவிட்ட இரவிலும் வெறும் தரையில் படுக்க நேராது.

கேள்வி: வாயால் ஊதினால் பாய் கெட்டுப்போகுமா?

பதில்: மூச்சின் ஈரம் உள்ளே தங்கும், நாளடைவில் பூஞ்சை படரலாம். துணியாலான ஊதுபை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அறுபது எழுபது கிராமுக்குள் முடிந்துவிடும், களைத்து வந்த மாலையில் தலைசுற்றலும் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் பாயைச் சுருட்டிக் கட்டி வைக்காமல், வால்வைத் திறந்து விரித்தபடியே கட்டிலுக்கு அடியில் போட்டு வையுங்கள். நிரப்பிய பாயை வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள்: சூட்டில் காற்று விரிந்தால் உள்தடுப்புகளின் ஒட்டு விட்டுப் பாய் ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும், அதன்பின் அதைச் சரிசெய்ய முடியாது.