சிட்னி டு லண்டன் 14 மணி நேரமா? கணக்கு எங்க இடிக்குது

கேள்வி: வயசான அப்பா அம்மாவை சிட்னில இருந்து லண்டனுக்கு அனுப்பணும். நெட்ல தூரம் 17,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, பிளேன் 900 ஸ்பீடுல போனா 19 மணி நேரம் வருது. ஏஜென்ட் என்னடான்னா 14 மணி நேரம்தான்னு சொல்றார், ரேட்டும் கம்மி. எதை நம்புறது?

பதில்: ரெண்டையும் நம்பாதீங்க. 23, 24 மணி நேரம் ஆகும்னு வச்சுக்கிட்டு அவங்க மாத்திரையெல்லாம் கைப்பையில வைங்க.

17,000ங்கறது உருண்டை பூமி மேல நூல் பிடிச்சு அளந்த தூரம். சிங்கப்பூர்ல இறங்கி ஏறினா கூட தூரம் பெருசா ஏறாது, சிட்னி–சிங்கப்பூர் 6,300, அங்கிருந்து லண்டன் 10,900, கூட்டிப் பாருங்க, 200தான் அதிகம். நேரம் போறது தூரத்துல இல்ல, தரையில நிக்கிறதுலயும் எதிர்காத்துலயும்தான், மேற்கே போறப்ப காத்து முகத்துல அடிக்கும், அதான் போறதுக்கு ஆகுற நேரம் திரும்பி வர்றதை விட கூட. 2018ல ஆரம்பிச்ச பெர்த்–லண்டன் நான்-ஸ்டாப் 14,500 கிலோமீட்டர், 900ஆல வகுத்தா 16 மணி, ஆனா நிஜத்துல 17க்கு மேல போகுது.

சரி, அந்த 14 எங்கிருந்து வந்துச்சு? சாயங்காலம் 4 மணிக்கு சிட்னில கிளம்பி மறுநாள் காலைல 6 மணிக்கு லண்டன்னு டிக்கெட்ல இருக்கும், அவர் அப்படியே கழிச்சுட்டார். டிக்கெட்ல அந்தந்த ஊர் கடிகாரம்தான் போடுவாங்க. லண்டன்ல கோடைன்னா சிட்னி 9 மணி நேரம் முன்னாடி, குளிர்காலத்துல 11. அந்த 9ஐ கூட்டுங்க, 23. மொத்த நேரத்தை பெருசா போட ஒரு சைட்டுக்கும் மனசு வராது, மூலைல எறும்பு சைஸுல போடுவாங்க.

எனக்கு பயம் அந்த கம்மி ரேட்டுதான். ரெண்டு கம்பெனியோட தனித்தனி டிக்கெட்டை ஒட்டி ஒரே பயணம்னு தலைல கட்டுற ஆளுங்க நிறைய, அப்படின்னா நடுவுல இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும், அதுக்கு விசா கூட தேவைப்படலாம், முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா எங்களுக்கு சம்பந்தமில்லம்பான். ஒரே டிக்கெட்னா இந்தத் தொல்லை இல்ல.

ஆனா ஒண்ணு, அமெரிக்கா வழியா போட்டா மட்டும் இது செல்லாது. லாஸ் ஏஞ்சல்ஸ் வழியா சுத்தினா 20,800 கிலோமீட்டர், அது கூட பரவால்ல, அங்க டிரான்சிட்டா இருந்தாலும் ஒரே டிக்கெட்டா இருந்தாலும் இமிக்ரேஷன் வரிசைல நின்னே ஆகணும், விசாவோ ஆன்லைன் அனுமதியோ கைல இல்லன்னா சிட்னி கவுண்டர்லயே நிறுத்திடுவாங்க. ஒரு மணி நேரம் மாறி ஏறத்தானே போறோம்னு கெஞ்சினாலும் நடக்காது, பெரியவங்களுக்கு இந்த ரூட்டே வேணாம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டை ரெண்டு விஷயம் எழுத்துல கேளுங்க: ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆரா, பெட்டி லண்டன் வரைக்கும் டேக் ஆகுமா. மழுப்பினா வேற ஆளைப் பாருங்க. வீல்சேர் ரெண்டு ஃப்ளைட்டுக்கும் சொல்லிடுங்க, அதுக்குத் தனியா காசு கேட்டா குடுக்காதீங்க.