வெளிச்சமான ஹாலுக்குப் பெரிய டிவி: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் ஹாலில் மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல், டிவி அதற்கு நேர் எதிர்ச் சுவரில். சாயங்காலம் இருட்டான காட்சி வந்தால் எங்கள் முகம்தான் தெரிகிறது. எத்தனை நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அளவு) டிவி வாங்கலாம்?

பதில்: முதலில் இப்போதுள்ள டிவியை அணைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கருப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னல் அதில் தெரிகிற வரை எந்த டிவியும் உங்களுக்குத் திருப்தி தராது. பக்கச் சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் வெளிச்சம் புகாத தடித்த கர்ட்டன் போடுங்கள். நெட் கர்ட்டன் போதாது.

கணக்கைப் பாருங்கள். திரைமேல் 300 லக்ஸ் (விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழுந்து, அதில் 2 சதவீதம் சிதறித் திரும்பினால், கருப்பின்மேல் சுமார் 2 நிட்ஸ் சாம்பல் படிந்துவிடும். 500 நிட்ஸ் வெள்ளைக்கு எதிரே கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம்) வெறும் 250:1. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்இடியின் முழுக் கருப்பும் இதற்குத் தப்பாது. அறை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் கான்ட்ராஸ்ட் இரட்டிப்பாகும், அதாவது 1000 நிட்ஸ் டிவி வாங்கிய பலன். அதனால்தான் கர்ட்டனை முதலில் சொல்கிறேன்.

கேள்வி: ஓஎல்இடியா, மினி எல்இடியா? பகலில் கிரிக்கெட்தான் அதிகம்.

பதில்: மினி எல்இடி, அதாவது திரைக்குப் பின்னால் நிறையச் சிறு எல்இடி விளக்குகள் உள்ள எல்சிடி டிவி. விளம்பரத்தில் வரும் உச்ச நிட்ஸ் பெரும்பாலும் திரையின் சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது அளந்தது. வெயிலில் நடக்கும் மேட்சில் திரை முழுக்க வெளிச்சம்; அப்போது மின்சாரமும் சூடும் எல்லை மீறாதிருக்க ஓஎல்இடி தானாகவே மங்கும். நல்ல மினி எல்இடி முழுத்திரையிலும் 500 நிட்ஸுக்கு மேல் நிற்கும். க்யூடி ஓஎல்இடி என்ற ஓஎல்இடி வகையில் இன்னொரு சங்கடம்: போலரைசர் (வெளி வெளிச்சம் திரும்புவதைக் குறைக்கும் படலம்) இல்லாத மாடல்களில் பகல் வெளிச்சம் பட்டால் கருப்பு ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்ப்பவர் கேட்டிருந்தால் ஓஎல்இடியைத்தான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: பெட்டியில் க்யூஎல்இடி, எச்டிஆர்10 என்று இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. முன்னது நிறத்தைப் பற்றியது. பின்னது, வெளிச்ச-இருட்டு வித்தியாசம் அதிகமுள்ள எச்டிஆர் வீடியோ சிக்னலை டிவி ஏற்கும் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. முழுத்திரை பிரகாசம் எவ்வளவு, லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்வது) உண்டா, எத்தனை ஸோன் (பகுதி) என்று கேளுங்கள். எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரு வகை; பக்கவாட்டிலிருந்தும் நன்றாகத் தெரிவது ஐபிஎஸ். பக்கவாட்டில் உட்காருபவர்கள் அதிகமென்றால் ஐபிஎஸ் பேனலை ஒதுக்க வேண்டாம். இருட்டில் விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் 4000:1, ஐபிஎஸ் 1000:1 என்றாலும், மேலே சொன்ன 300 லக்ஸில் அவை ஏறக்குறைய 240-க்கும் 200-க்கும் வந்து நிற்கும்.

கேள்வி: சோபாவுக்கும் சுவருக்கும் பத்தடி. எத்தனை இன்ச்?

பதில்: தூரத்தை இன்ச்சில் (பத்தடி என்றால் 120) எடுத்து 1.6 ஆல் வகுங்கள்: 75 இன்ச். அகலம் 166 செ.மீ. வரும், சுவரை அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: டிவி வாங்கியாயிற்று, பகலில் மங்கலாக இருக்கிறது. டியூப்லைட்டும் திரையில் தெரிகிறது.

பதில்: மின் சேமிப்பு மோடை அணைத்துவிட்டுப் பேக்லைட்டை (திரையின் பின்விளக்கை) கூட்டுங்கள். பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது கருப்பின் அளவு. அதைக் கூட்டினால் படம் வெளுக்கும். காமா (இடைப்பட்ட நிழல்களின் பிரகாசத்தை மாற்றும் அமைப்பு) 2.4-இல் இருந்தால் 2.2 வையுங்கள், நிழல் பகுதிகள் தெளியும். டியூப்லைட்டுக்கு, சாயக்கூடிய ஸ்டாண்டில் திரையின் மேல்விளிம்பை 5 டிகிரி முன்னே சாய்த்து வையுங்கள். பிரதிபலிப்பு 10 டிகிரி கீழே இறங்கி, கூரைக்குப் பதில் எதிர்ச் சுவரோ தரையோ தெரியும். நேர் வெயில் மட்டும் திரைமேல் விழவே கூடாது, பேனல் சூடேறிக் கெடும்.