குறட்டை நிற்கும் நேரத்தை எண்ணுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தேயிலை மூட்டை லாரி ஓட்டுகிறார். மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் குறையவில்லை. ராத்திரி வீடே அதிரும்படி குறட்டை, காலையில் தலைவலி. "அலுப்புல தூங்குறான், குளிருக்கு அப்படித்தான்" என்கிறார் மாமியார். இதேபோல் குறட்டை விடும் பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போன மாதம் விடியற்காலையில் பக்கவாதம் வந்துவிட்டது. குறட்டைக்கும் வாதத்துக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, குன்னூர்

பதில்: உண்டு, சகோதரி. ஆனால் சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். நடுவில் சத்தம் நின்றுபோகிறதா என்று பாருங்கள்.

இன்று ராத்திரி அவர் தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. மனதுக்குள் எண்ணுங்கள். பத்து விநாடியைத் தாண்டினாலே கணக்கில் சேர்த்தி. சிலருக்கு அரை நிமிடம்கூடப் போகும். அப்புறம் "கர்ர்" என்று பெரிதாக ஓர் இழுப்பு, புரண்டு படுப்பார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதுதான் இது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை பதறி உசுப்புகிறது, பிரஷர் எகிறுகிறது. தூக்கத்தில் இறங்க வேண்டிய பிரஷர் இப்படி ராத்திரி முழுக்க முட்டி மோதினால் ரத்தக்குழாய் என்னத்துக்கு ஆகும்? மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்கு இது ஒரு முக்கியமான காரணம். சிலருக்கு இதயத் துடிப்பும் தாளம் தப்பும். அப்போது இதயத்தில் உறையும் ரத்தக்கட்டி மூளைக்கு ஏறினால் வாதம்தான்.

தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சுத் தடைபட்டால் நோய், 30 என்றால் கடுமை. முகமூடி மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் சிபாப் கருவி கொடுப்பார்கள். அதனால் பகல் தூக்கம் நன்றாகக் குறையும், பிரஷரும் ஓரளவு இறங்கும். வாதத்தையே தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் பிரஷர் மாத்திரையை விடக்கூடாது. எடையைக் குறைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குளிருக்கு என்று ராத்திரி 'கட்டிங்' போடும் பழக்கம் இருந்தால் அதுவும் போக வேண்டும். சாராயம் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

ஒன்று கேட்க மறந்தேன். அறையை மூடிக்கொண்டு கரிச் சட்டி வைக்கிறீர்களா? காலைத் தலைவலிக்கு அந்தப் புகையும் காரணமாகலாம். உயிரையே எடுக்கும், இன்றே வெளியே வையுங்கள்.

என்றாவது அவருக்கு வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் கணக்கு. கோவை வரை போக வேண்டியிருந்தால் மலை இறங்குவதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும்.

பகலில் கண் சொக்குகிறது என்றால், பரிசோதனை முடியும்வரை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் லாரியை வேறு யாராவது ஓட்டட்டும். "நான் எங்கே குறட்டை விடுறேன்?" என்று கேட்பார். பத்து நிமிடம் செல்போனில் பதிவு செய்து வையுங்கள். டாக்டருக்கும் அது உதவும்.