பையன் வேலையை விடுகிறேன் என்கிறானா? முதலில் பே ஸ்லிப்பைக் கேளுங்கள்

அம்மா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகன் ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். காலேஜுக்கு லீவே போடாத பையன் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன் திடீரென்று சோம்பேறி ஆகிவிட மாட்டான். அவனைத் திட்டும் முன்னால் அவன் வேலை பார்க்கிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள்.

முதல் கேள்வி, அவன் யார் ரோலில், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறான்? சட்டையில் கம்பெனி பெயர் இருக்கும், சம்பளம் போடுவது கான்ட்ராக்டராக இருக்கும். அதே லைனில், அதே வேலையைச் செய்கிற பக்கத்து ஆள் கம்பெனி ரோல் என்றால் அவருக்கு இன்க்ரிமென்ட் உண்டு, போனஸ் கூடுதல், இவனுக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே தெரியாது. இதைத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு வேலையில் பிடிப்பு வராவிட்டால் அது அவன் தப்பில்லை.

ஒருவேளை 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்திருந்தால் கதை வேறு. அந்தச் சட்டத்தில் அவன் பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்லை, அதனால் பி.எஃப். பிடிக்கவில்லையே என்று பதற வேண்டாம், முடிக்கும்போது கிடைக்கிற சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கச் சொல்லுங்கள். ஆனால் பதிவான அப்ரண்டிஸ் ஒப்பந்தம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.டி. கார்டில் மட்டும் 'டிரெய்னி' என்று போட்டு முழு வேலை வாங்குகிற இடங்கள் நிறைய.

அப்புறம் ஷிஃப்ட். வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட் வந்தால் ஆரம்பத்தில் தூக்கம் கெடும், பசிக்காது, எரிச்சல் வரும். பலருக்கு இது சில மாதங்களில் பழகிவிடும், இதற்காக மட்டும் விட வேண்டாம். ஆனால் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். சிங்கிள் ரேட்தான் கொடுக்கிறார்கள் என்றால் அங்கே பொறுமையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பே ஸ்லிப்பை வாங்கிப் பாருங்கள். மாதம் 21,000 வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு அவன் பங்கு 0.75 சதவீதம், அதாவது 16,000-க்கு 120 ரூபாய். பி.எஃப்.புக்குப் பொதுவாக பேசிக்கில் 12 சதவீதம். பிடித்த பி.எஃப். பணம் அவனுடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று அவனையே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் நானே விடச் சொல்லுவேன்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. பீஸ் ரிஜெக்ட் ஆனால் லைன் லீடர் என்ன செய்கிறார்? கேஜை (அளவு பார்க்கும் கருவியை) வைத்து எங்கே அளவு போச்சு என்று காட்டுகிறாரா, இல்லை எல்லார் முன்னாலும் அப்பா அம்மாவை இழுத்துத் திட்டுகிறாரா? சம்பளம் போதாமல் விடுகிற பையன்களைவிட லைன் லீடர் வாய்க்குப் பயந்து விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், வீட்டில் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு 'வேலை பிடிக்கலை' என்று மட்டும் சொல்வார்கள். நேரடியாகக் கேட்காதீர்கள், சாப்பிடும்போது 'உங்க லீடர் எப்படிப்பா?' என்று பேச்சுவாக்கில் கேளுங்கள், தானாகச் சொல்வான்.

கேட்டுவிட்டு, விடுவதுதான் சரி என்று பட்டால் சண்டை போட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று இருக்கிறதோ அதைக் கொடுத்து, ரிலீவிங் லெட்டரும் கடைசி மாத பே ஸ்லிப்பும் வாங்கிக்கொள்ள வேண்டும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை அவர்கள் போடாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அவனே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆதாரில் பதிந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும், பல வீடுகளில் அது இன்னும் அப்பாவுடைய பழைய நம்பராகவே இருக்கிறது, அதை இப்போதே மாற்றி வையுங்கள்.