குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட்: பத்து மூவ் முடிந்த பிறகு என்ன ஆடுவது?

"செஸ்ஸில் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் என்ற திறப்பில் (ஆட்டத் தொடக்கத்தில்) முதல் பத்து மூவ் மனப்பாடம், அப்புறம் என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே இடத்தில் பல நாள் திணறியிருக்கிறேன். ஒருநாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த சார், குதிரை, யானை, ராணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சிப்பாய்களை மட்டும் பலகையில் விட்டுவைத்தார். "இப்போ பாரு, எங்கே இடிக்கணும்னு அதுவே சொல்லும்" என்றார்.

வெள்ளைச் சிப்பாய்கள் டி4, சி4 கட்டங்களுக்கும் கறுப்புச் சிப்பாய்கள் டி5, இ6 கட்டங்களுக்கும் வருகின்றன. சி4 சிப்பாயைக் கறுப்பு வெட்டாமல் விடுவதுதான் 'டிக்ளைன்ட்'. வெள்ளை டி5-இல் வெட்டி, கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டியதும் ராணிப் பக்கம் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. ஆள் குறைவான பக்கம் போய் ஏன் முட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வெள்ளை அதைத்தான் செய்கிறது: பி4, அடுத்து பி5. கறுப்பின் சி சிப்பாய் வழக்கமாக சி6-இல் நிற்கும். அங்கே சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டி மாறியதும், மிஞ்சும் கறுப்புச் சிப்பாயைக் காக்க இன்னொரு சிப்பாய் கிடையாது. சி1-இல் இருக்கும் யானைக்கு அது நேர் குறி. கறுப்பு முந்திக்கொண்டு பி5-இல் வெட்டினால் டி5 தனித்துப் போகும். இதைத்தான் மைனாரிட்டி அட்டாக் என்கிறோம்.

கறுப்பு சி6-ஐக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தோல்விதான். நான் அப்படியே தோற்றிருக்கிறேன். பி4 வந்ததும் சி4 கட்டத்தைக் காக்க வெள்ளைக்குச் சிப்பாய் இல்லை. டி7 குதிரை பி6 வழியாக அங்கே போகலாம். இன்னொரு குதிரை இ4-க்கு வந்தால் ராஜா பக்கம் தாக்கலாம். இ6 சிப்பாய் விலகியதால் சி8 பிஷப்புக்கும் வழி திறந்துவிட்டது. வெள்ளை கொடுக்கும் விலை அது.

வெள்ளை டி5-இல் வெட்டாவிட்டால் அந்த பிஷப் அடைபட்டே கிடக்கும், கறுப்புக்கு இடமும் நெருக்கடி. அப்போது காய்களை மாற்றிக்கொள்வதுதான் மூச்சு விடும் வழி. 1927-இல் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் கபாபிளாங்காவும் அலேகினும் மோதிய 34 ஆட்டங்களில் 32 இந்தத் திறப்புதான். அந்த நெருக்கடியைப் பழக அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் 2010 சோஃபியாவில் டோபலோவுக்கு எதிராக ஆனந்த் ஆடிய 12-வது ஆட்டத்தைப் பலகையில் போட்டுப் பாருங்கள். சமநிலையில் இருந்த உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம், ஆனந்துக்குக் கறுப்புக் காய், லாஸ்கர் டிஃபென்ஸ் (இதே திறப்பில், குதிரையை இ4-க்குக் கொண்டுவந்து காய்களை மாற்றிக்கொள்ளும் கறுப்பின் முறை). ஏழாவது மூவில் குதிரை இ4-க்கு வரும்போது நிறுத்தி, எந்தெந்தக் காய்கள் மாறப்போகின்றன என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த மூவைப் பாருங்கள்.