ஒரே கம்பியில் கருப்பு வெள்ளையும் கலரும்: பழைய டிவி பற்றிய கேள்வி பதில்

டியூப் டிவி ரிப்பேரில் பல வருடம் கழித்தவன் நான். பழைய அனலாக் கலர் சிக்னலைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: 1982-இல் ஏசியாட் சமயத்தில் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. எங்கள் வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை செட். அதில் எதையும் மாற்றவில்லை, படம் மட்டும் வழக்கம்போல வந்தது. எப்படி சார்?

பதில்: உங்கள் செட்டுக்கு வேண்டியதை முதலில் அனுப்பிவிட்டு, கலரை மேல்கொசுறாகச் சேர்த்ததால்தான். வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் அனுப்பலாம் என்று 1938-இலேயே காப்புரிமை கேட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் வாலென்சி. அப்போது கலர் டிவியே வீடுகளுக்கு வந்திருக்கவில்லை!

கேமராவிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிக்னல் வரும். சிவப்பில் 30 பங்கு, பச்சையில் 59 பங்கு, நீலத்தில் 11 பங்கு எடுத்துக் கலந்தால் கிடைப்பது வெளிச்சம். அதற்கு ஒய் என்று பெயர். நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். அதனால்தான் இந்தக் கணக்கு. கருப்பு வெள்ளை செட்டுக்கு ஒய் மட்டும் போதும்.

கலர் செட்டுக்கு இன்னும் இரண்டு வேண்டும்: சிவப்பிலிருந்து ஒய்யைக் கழித்தது ஒன்று, நீலத்திலிருந்து ஒய்யைக் கழித்தது இன்னொன்று. பச்சையை அனுப்ப வேண்டியதில்லை, இந்த மூன்றிலிருந்து டிவியே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெள்ளையிலும் சாம்பலிலும் மூன்று நிறமும் சமம். கழித்தால் பூஜ்யம். திரை முழுக்க வெள்ளை வேட்டி என்றால் அந்த நேரத்தில் கலர் சிக்னலே இல்லை.

கேள்வி: ஏற்கெனவே சேனலில் இடம் முழுக்க ஒய்தானே அண்ணே? கலரை எங்கே வைத்தார்கள்? டிவி எப்படிப் பிரிக்கிறது?

பதில்: படி நிறைய நெல்லிக்காய் கொட்டிய பிறகும் இடுக்கில் எள் இறங்கும் அல்லவா, அந்தக் கதைதான்.

நம் முறையில் திரையில் படம் கிடைக்கோடுகளாக, நொடிக்கு 15,625 கோடு வீதம் வரையப்படுகிறது. ஒரு கோடும் அடுத்த கோடும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒய்யின் சக்தி முழுவதும் 15,625-இன் மடங்குகளை ஒட்டியே குவிகிறது, சீப்புப் பல் மாதிரி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஏறக்குறைய காலி. கலரைச் சுமக்கும் அலையை 15,625-இன் 283¾ மடங்கில் வைத்தார்கள். அந்த முக்கால்தான் சூட்சுமம்: கலரின் பற்கள் ஒய்யின் பற்களுக்கு இடையில் போய் உட்காரும். அதோடு 25 ஹெர்ட்ஸ் கூட்டினால் 4.43361875 மெகாஹெர்ட்ஸ். பழைய போர்டில் 4.43 என்று எழுதிய கிரிஸ்டலை, அதாவது சீரான தாளத்தில் துடிக்கும் சின்ன உறுப்பைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். அலையின் உயரம் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். அதன் கட்டம், அதாவது எந்த நேரத்தில் ஏறி இறங்குகிறது என்பது, என்ன நிறம் என்று சொல்லும்.

பிரிப்பதில் இரண்டு வழி. மலிவு செட்டில் 4.43-ஐச் சுற்றி உள்ளதையெல்லாம் வெட்டிக் கலர் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஒய்யின் நுணுக்கமும் கொஞ்சம் அதோடு போகும், படம் மழுங்கும். உயர்ந்த செட்டில் சீப்பு ஃபில்டர் உண்டு. இரண்டு கோடு தள்ளிப் பார்த்தால் கலர் அலை நேர்த் தலைகீழாக இருக்கும், ஒய் அப்படியே இருக்கும். இரண்டையும் கூட்டினால் கலர் அடிபட்டு ஒய் மிஞ்சும், கழித்தால் கலர் மிஞ்சும். மேல்கோடும் கீழ்க்கோடும் ஒத்துப்போகாத இடத்தில் இந்த வித்தையும் தடுமாறும்.

கேள்வி: செய்தி வாசிப்பவரின் கோடுபோட்ட சட்டையில் வானவில் ஓடுமே?

பதில்: பிரிப்பதில் நடந்த தவறுதான் அது. ஒரு கோடு திரையில் தெரியும் நேரம் 52 மைக்ரோசெகண்ட். அதற்குள் 4.43 மெகாஹெர்ட்ஸ் சுமார் 230 முறை துடிக்கும். திரையின் முழு அகலத்துக்கு 230 கோடு விழும் நெருக்கத்தில் சட்டைக்கோடு வந்தால் டிவிக்கு அது சட்டையா கலரா என்று தெரியாது, கலர் என்றே எடுத்துக்கொள்ளும். கேமரா கொஞ்சம் கிட்டே போனால் வானவில் மறைந்துவிடும்.

கேள்வி: அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து தூரதர்சன் பார்த்தனாங்கள். சில நாள் படம் புள்ளிபுள்ளியாக வரும், திடீரெண்டு நிறம் முழுக்கப் போய்க் கறுப்பு வெள்ளையாகிவிடும். ஏன் மங்கின நிறமாவது வாறதில்லை?

பதில்: ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும், படம் வருவதற்கு முன், கலர் அலையின் மாதிரியாகப் பத்துச் சுற்று அனுப்புவார்கள். அதைப் பிடித்துத்தான் செட்டிலுள்ள கிரிஸ்டல் தாளம் சேர்த்துக்கொள்ளும். சிக்னல் நைந்து அந்த மாதிரி கிடைக்காவிட்டால் நிறத்தை நம்ப முடியாது. அதனால் கலர் கில்லர் என்ற பகுதி கலரை அடியோடு மூடிவிடும். விட்டிருந்தால் திரை முழுக்கக் கலர்ப் புழுதிதான் பறந்திருக்கும்.

கேள்வி: அமெரிக்க டிவியில் டின்ட் என்று ஒரு குமிழ் பார்த்தேன். நம் செட்டில் ஏன் இல்லை?

பதில்: அவர்களுடையது 1953-இல் ஒப்புதல் பெற்ற என்டிஎஸ்சி (NTSC) என்ற கலர் முறை. வழியில் அலையின் கட்டம் சற்று நகர்ந்தால் முகம் பச்சை தட்டும், குமிழைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்ட்டர் புரூக் உருவாக்கியது பால் (PAL) முறை, நம்முடையதும் அதுதான். அதில் சிவப்புக்கான பகுதியைக் கோடு விட்டுக் கோடு தலைகீழாக்கி அனுப்புவார்கள். ஒரு கோட்டில் இந்தப் பக்கம் விழுந்த பிழை அடுத்ததில் அந்தப் பக்கம் விழும். இரண்டையும் சராசரி எடுத்தால் நிறம் மாறாது, சற்று வெளிறும், அவ்வளவுதான்.

சராசரி எடுக்க ஒரு கோட்டை 64 மைக்ரோசெகண்ட் காக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிச் சில்லு. சிக்னல் அதற்குள் ஒலியலையாக எதிரொலித்து வெளியே வரும். தொழில் பழகும்போது ஒரு போர்டைக் கை நழுவவிட்டு அந்தச் சில்லை உடைத்தேன். திரையெங்கும் ஜன்னல் பட்டை மாதிரி கோடுகோடாக நிறம் வந்தது. அந்த வாரக் கூலி அதோடு சரி.

கேள்வி: பழைய விசிஆரைப் புது எல்இடி டிவியில் பச்சைத் துளையில் செருகினேன். கருப்பு வெள்ளையாக வருகிறது, புள்ளிகள் ஊர்கின்றன.

பதில்: பச்சைத் துளை ஒய்க்கு மட்டும் என்று டிவி நினைத்துக்கொள்கிறது. மஞ்சள் பின்னில் வருவதோ கலந்த சிக்னல். அதைப் பிரிக்காமல் அப்படியே காட்டுவதால் கலர் அலை புள்ளியாக ஊர்கிறது. மெனுவில் காம்பொனென்ட் என்பதை ஏவி என்று மாற்றிப் பாருங்கள். நான்கு முள் உள்ள எஸ்-வீடியோவில் இந்தச் சிக்கலே கிடையாது, ஒய்யும் கலரும் அதில் கலப்பதே இல்லை. நம் ஊரில் அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

கேள்வி: பழைய 20 இஞ்ச் செட். ஒரே இருட்டு, நடுவே கலர் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பிக்சர் டியூப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

பதில்: டியூபை மாற்றிவிடாதீர்கள் ஐயா! கலர்க் குமிழை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். திரை மொத்தமாக இருண்டால் ஒய் வரும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. கலர் ஒடுக்கமான ஃபில்டர் வழியாக வருவதால் சற்றுத் தாமதமாகும். அதற்கு ஈடாக ஒய்யையும் தாமதிக்க ஒரு டிலே லைன் சுருள் வைத்திருப்பார்கள். அதன் காலில் சால்டர் விட்டுப்போவது சகஜம். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம், ஆஃப் செய்த பிறகும் டியூபில் ஹை வோல்டேஜ் நிற்கும்.