ஐப்பசி மழையும் அடுத்த வீடும்: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் நெருங்குகிறது என்பது தபால் பெட்டியைத் திறந்தாலே தெரிந்துவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெள்ளம், புயல், கரண்ட், பாம்பு. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

டிவியில் மஞ்சள், ஆரஞ்சு, ரெட் என்று தினம் ஒரு கலர் சொல்கிறார்கள். ஒருமுறை ரெட் அலர்ட் என்று பிள்ளைகளுக்கு லீவு விட்டார்கள், எங்கள் தெருவில் தூறல்கூட இல்லை. எதை நம்பி என்ன செய்வது? (வாசகி, முடிச்சூர்)

உங்கள் எரிச்சல் நியாயம்தான். அந்த நிறம் மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துக் கொடுப்பது, உங்கள் தெருவுக்கென்று யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் இறங்கிச் செய்யுங்கள், அவ்வளவுதான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. சென்னைக்கு ஒரு முழு வருடத்துக்கே சராசரியாக 140 செ.மீ.தான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அது எப்பேர்ப்பட்ட மழை என்று புரியும்.

ஆனால் முடிச்சூருக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. உங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்பது பாதிக் கதைதான், உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மீதிக் கதை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கனஅடி திறந்ததைப் பற்றி இன்றும் பேசுகிறோம். ஒரு கனஅடி என்றால் நொடிக்கு 28 லிட்டர், ஆக நொடிக்கு 8 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி அறுபது எழுபதை ஒவ்வொரு நொடியும் கவிழ்த்தது போல. ஆனால் அந்தத் தண்ணீர் அடையாற்றோடு சேருவது திருநீர்மலை பக்கம், அதற்குக் கீழே இருக்கும் மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு அது எமன். நீங்கள் இருப்பது அதற்கு மேலே. உங்களுக்குத் தண்ணீர் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதிலிருந்து. செம்பரம்பாக்கம் செய்தியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பின்வாசல் வழியாகத் தண்ணீர் வந்துவிடும். 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கனஅடி திறந்தபோதும் இதே கதைதான். மேலே பெய்த மழை தென்பெண்ணையில் இறங்கி, விழுப்புரம், கடலூர் கிராமங்களுக்குள் புகுந்தபோது அங்கே மழை குறைந்திருந்தது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். தெருவிலேயே அதிக வருஷமாக இருப்பவர் வீட்டுக்குப் போய் 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் பெயின்ட் அடித்த பிறகும் அந்தக் கோடு மங்கலாகத் தெரியும். அதே உயரத்தை உங்கள் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் போடுங்கள். பிளக் பாயின்ட், இன்வெர்ட்டர் பேட்டரி, அரிசி மூட்டை, பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் பத்திரம் என்று எது எது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை தெரிந்துவிடும். அப்புறம் வாசல் படியை வைத்து ஒரு கணக்கு. இரண்டாவது படி நனைந்தால் மெயினை அணைப்பது, மூன்றாவது நனைந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது என்று இப்போதே, வெயில் அடிக்கும்போதே, வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்த பிறகு ஆரம்பித்தால் அது விவாதமாகிவிடும், விவாதம் முடிவதற்குள் நாலாவது படி போய்விடும்.

மெயினை அணைக்கும் விஷயத்தில் மட்டும் ஒன்று. மெயின் போர்டுக்குப் போகவே தண்ணீரில் கால் வைக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் தொடாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து தெருவுக்கே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் கேலண்டரில் பேனாவால் எழுதுங்கள், போனில் மட்டும் வைத்தால் சார்ஜோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

எங்கள் அபார்ட்மென்டில் 140 வீடு. வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். மழை வந்தால் போதும், ராத்திரி முழுக்க "ஏரி உடைந்தது", "பாலம் மூழ்கியது" என்று ஃபார்வர்டு. உண்மையான உதவிக் கோரிக்கை நடுவில் காணாமல் போகிறது. (வாசகர், வேளச்சேரி)

2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று ஒரு வதந்தி ஓடியது. பண்ணைக்காரர்களே ஒன்றும் தப்பவில்லை என்று மறுப்பு சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது மூன்று பேரிடமிருந்து வந்தது, அதில் ஒருவர் கல்லூரியில் விலங்கியல் எடுப்பவர். படிப்புக்கும் ஃபார்வர்டுக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பேச்சைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், பயத்தில் இருப்பவர்கள் பேசத்தான் செய்வார்கள். அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி இரண்டாவதாக ஒரு குழு திறந்துகொள்ளுங்கள். அதில் போக ஒரு செய்திக்கு மூன்று தகுதி வேண்டும்: எந்த இடம், எத்தனை மணிக்கு, யார் கண்ணால் பார்த்தது. "பி பிளாக் கேட், 9.40, முழங்கால் அளவு, வாட்ச்மேன் பார்த்தார்" என்றால் செய்தி. "என் மச்சானின் நண்பர் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார்" என்றால் அது பழைய குழுவிலேயே கிடக்கட்டும். ஏரி, புயல் சமாச்சாரத்துக்கு தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியில் வருவதை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

குழுவைவிட முக்கியமானது ஒரு பேப்பர். 2015-இல் கரண்ட் போய் செல்போன் கோபுரங்களும் படுத்தபோது, பக்கத்து பிளாக்கில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள மாடியேறிக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. எந்த வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள், எங்கே ஆக்சிஜன் மெஷின், யாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், யார் நிறைமாதம், மாற்றுச் சாவி யாரிடம் என்று ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவர் நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். லிஃப்ட் நின்றால் முதலில் போக வேண்டிய வீடு எது என்பதற்கான பட்டியல் இது. தயவுசெய்து இதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள், தனியாக இருக்கும் பாட்டியின் கதவு எண் முந்நூறு பேருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிளாக்குக்கு ஒரு பிரதி, இரண்டு பேர் கையில், பிளாஸ்டிக் கவரில்.

இன்சுலின் போடுபவர்கள் ஃப்ரிட்ஜ் நின்றதும் பதறுவார்கள். ஒரு மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்தை மூடி போட்ட டப்பாவில் வைத்து நடுவில் புதைத்து நிழலில் வைத்தால் சில நாட்கள் தாராளமாகத் தாங்கும், ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைய விட்டால்தான் வீண்.

ஆன்லைனில் "எமர்ஜென்சி கிட்" 3,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். மூடியுள்ள பழைய பெயின்ட் பக்கெட் ஒன்று போதும். டார்ச், அதற்குத் தனியாக செல், பவர் பேங்க், பத்து நாள் மாத்திரை, சில்லறை நோட்டாக 2,000 ரூபாய் (கரண்ட் இல்லாத ஊரில் ஜிபே ஓடாது, 500 ரூபாய்க்குச் சில்லறையும் கிடைக்காது), விசில், ஓஆர்எஸ் பாக்கெட், பொரிகடலை, ஜிப் கவரில் ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல். மெழுகுவத்தி வேண்டாம், காற்றடிக்கும் இரவில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிச்சமாகும் பணத்தில் குழந்தைக்கு நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள்.

கேஸ் வாடை வந்தால் உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டும் என்கிறார் என் மாமியார். சரியா? (வாசகி, ஈரோடு)

மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அது தப்பு. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு சின்னப் பொறி வரும், அது போதும். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு படரும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் பத்தாது, வாசல் கதவையும் பின்கதவையும் தரைவரை திறக்க வேண்டும். சாமி விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் அந்த வெள்ளை மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். போனும் வெளியே வந்த பிறகுதான்.

சிலிண்டர் கழுத்துப் பட்டையின் உட்பக்கம் "பி 27" மாதிரி ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், எண் வருஷத்தைக் குறிக்கும். அந்த மாதத்துக்குள் அது மறுபடி சோதனைக்குப் போக வேண்டும், தேதி தாண்டியதை டெலிவரி தம்பி இறக்கினால் திருப்பிக் கொடுங்கள். ஆரஞ்சு டியூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். உங்கள் வீட்டில் அதற்கு எத்தனை வயது என்று இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

மழைக்குப் பிறகு வயல் வீட்டில் பாம்பு அதிகம். கடித்தால் மேலே இறுக்கிக் கட்டிவிட்டு வைத்தியரிடம் போவது எங்கள் ஊர் வழக்கம். பாம்பையும் அடித்து எடுத்துப் போவோம். (வாசகர், கள்ளக்குறிச்சி)

கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம், கட்டை அவிழ்த்ததும் விஷம் ஒரேயடியாக ஏறவும் செய்யும். எலும்பு முறிந்தால் மட்டையை வைத்துக் கட்டுவோமே, அந்த மாதிரி தளர்வாகக் கட்டிக் காலை அசையாமல் வையுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நடக்க விடாதீர்கள். 108 வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, நேராக அரசு மருத்துவமனை.

பாம்பை அடித்து எடுத்துப் போவதில் லாபம் இல்லை, இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்குப் பெரிய பங்கு, வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. கொஞ்சம் ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஆடாமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் ஏறியிருப்பதை டாக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்குப் பயம் கட்டுவிரியன்மேல்தான். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி அநேகமாக இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தானாக மூடிக்கொள்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் வாயுக்கோளாறு என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள், அந்த நிமிஷமே கிளம்புங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிப் படுப்பது எந்த மந்திரத்தையும்விட மேல்.

"உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று என் அப்பாவிடம் வீடியோ காலில் அதிகாரி வேஷத்தில் பேசியிருக்கிறார்கள். அப்பா 4 மணி நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பணம் போகவில்லை, ஆனால் அவர் இன்னும் தூங்கவில்லை. (வாசகர், மதுரை)

டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. போலீஸோ, சிபிஐயோ, சுங்கத் துறையோ வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மடக்க வாய்ப்பு. போகவில்லை என்றாலும் புகார் கொடுங்கள்.

அப்பாவிடம் "எப்படி ஏமாந்தீங்க" என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த ஆட்கள் முதலில் கேட்பதே "யாரிடமும் சொல்லாதே" என்றுதான், தொழிலின் முதலீடே அதுதான். வாக்கிங் போகும் நண்பர்களிடம் அவரே இதைச் சொல்லும்படி செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்காவது இதே கால் வந்திருக்கும், சொல்லாமல் வைத்திருப்பார்கள். அன்று இரவு அவர் தூங்குவார்.

அண்ணா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். புயல் என்றால் முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள், எங்க தாத்தா மட்டும் வர மாட்டேன் என்கிறார். என்ன சொல்லி அழைத்துப் போவது? (வாசகர், கடலூர் மாவட்டக் கடலோரக் கிராமம்)

தம்பி, தாத்தாவிடம் புயலைப் பற்றிப் பேசாதே, அவர் உன்னைவிட நிறையப் புயல் பார்த்தவர், "தானே" என்ற புயலை நீ குழந்தையாக இருந்தபோது பார்த்திருப்பார். அவர் எதற்காக நிற்கிறார் என்று மட்டும் கேள். பத்தில் ஒன்பது பேருக்கு அது மாடாகவோ ஆடாகவோதான் இருக்கும். அதற்கு முதலில் மேட்டில் ஓர் இடம் பார்த்துவிட்டு வந்து அப்புறம் கூப்பிடு. ஓட்டிப் போக முடியாது என்றால் கயிற்றை அவிழ்த்துவிடச் சொல், கட்டிப்போட்ட மாடுதான் தண்ணீரில் சாகும், அவிழ்த்த மாடு தானே மேட்டைத் தேடிப் போகும்.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். 2018-இல் கஜா கரையைக் கடந்தது நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல், அந்த இருட்டில் யாரும் யாரையும் தேட முடியாது. காற்று திடீரென்று நின்று வானம் அமைதியானால் புயல் போய்விட்டது என்று தாத்தா எழுந்து கிளம்பப் பார்ப்பார். அது புயலின் கண்ணாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும், கையைப் பிடித்து உட்கார வை. அப்புறம் அவருடைய மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரை, வெற்றிலைப் பெட்டி மூன்றையும் நீயே உன் பையில் எடுத்து வைத்துக்கொள். இல்லையென்றால் அதை எடுக்க வேண்டும் என்றே வீட்டுக்குத் திரும்புவார்.